உள்ளங்கை அரிப்பைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு இது எட்டாம் மாதம். ஒரு வாரமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தூங்கவிடாத அரிப்பு. தடிப்பு ஏதும் இல்லை. வயிறு விரிந்தால் அரிக்கத்தான் செய்யும் என்கிறார் மாமியார். மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: இன்றே பாருங்கள். மாமியார் சொல்வது வயிற்று அரிப்புக்குப் பொருந்தும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி இரவில் கூடும் அரிப்பு, கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாமல் பித்த அமிலங்கள் இரத்தத்தில் சேர்வதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை கருவிலேயே இறக்கும் ஆபத்து கூடுவதால், இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கி நாளைக் கடத்த வேண்டாம். முதல் பரிசோதனை சரியாக இருந்தும் அரிப்பு நீடித்தால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.