ஜட்கா குதிரைக்கு இப்போது கொள்ளு வேண்டாம்

கேள்வி: பழனியில் ஜட்கா இழுத்துக்கொண்டிருந்த ஒரு மட்டக்குதிரையை அதன் சொந்தக்காரரிடம் பணம் கொடுத்து வாங்கி, எங்கள் தென்னந்தோப்பில் கட்டியிருக்கிறோம். வந்து இரண்டு நாள் ஆகிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம். குளம்பு செருப்பு மாதிரி நீண்டு கிடக்கிறது. கொள்ளு அவித்துப் போட்டால் சீக்கிரம் தேறும் என்கிறார் அம்மா. எங்களுக்கு மாடு தெரியும், குதிரை தெரியாது. எப்படிப் பார்த்துக்கொள்வது? அந்த ஆள்மேல் புகார் கொடுக்கலாமா?
வாசகர், மடத்துக்குளம்

பதில்: கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டு, கொள்ளு டப்பாவை மேலே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பத்திரிகை வரும் வரை குதிரை காத்திருக்காது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் எலும்பும் தோலுமாக ஒரு பெட்டைக் குதிரை வந்தது. கொள்ளும் தவிடும் தாராளமாகப் போடச் சொன்னது நான்தான். மூன்றாம் நாள் காதை நிமிர்த்திக் கனைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். நாலாம் நாள் விடியும்போது படுத்துக் கிடந்தது. எழவே இல்லை.

நடந்தது இதுதான். பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுபட்டுவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள், தேறுகிறது என்று நாம் நினைக்கிற நேரத்தில், விழுந்துவிடும்.

ஆகவே தானியம் கூடாது. உங்கள் பக்கத்திலேயே மாட்டுக்கு விளைவிக்கிறார்களே, குதிரைமசால், அதுதான் மருந்து. பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். அதில் புரதமும் தாதுச்சத்தும் அதிகம், மாவுச்சத்து குறைவு. எவ்வளவு என்பதற்கு எடை தெரிய வேண்டும். தையல் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறையக் கிலோ வந்துவிடும். நீங்கள் போனில் சொன்னது 135, 125. அப்படியானால் 192 கிலோ.

இந்த எடைக்கு முதல் மூன்று நாள், நிழலில் உலர்த்திய குதிரைமசால் 200 கிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரியும்தான். அலாரம் வைத்து எழுந்திருங்கள். “இவ்வளவுதானா?” என்று அது உங்களைப் பார்க்கும். பார்க்கட்டும். நாலாம் நாளிலிருந்து வேளையைக் குறைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போய், பத்து நாள் கழித்துக் காலை மாலை என்று வயிறார விடலாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தீவனத்தைத் தரையில் போடாமல் அகலமான அன்னக்கூடையில் வையுங்கள். மண்ணோடு சேர்த்துத் தின்றால் மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். அதனால் சாணியைத் தினமும் பாருங்கள். சாணி போடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைப் பறித்தால், உடனே டாக்டர்.

மாடு வளர்க்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. மாட்டுத் தீவன மூட்டை இதன் வாய்க்கு எட்டவே கூடாது. சில தீவனங்களில் கலக்கிற மோனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தைக் கெடுத்துவிடும்.

உள்ளூர் கால்நடை மருத்துவரை இந்த வாரமே வரவழையுங்கள். டெட்டனஸ் ஊசி முதல் வேலை, குதிரைக்கு அந்த நோய் சட்டென்று வரும். கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், முடிவு வரும் வரை பிள்ளைகள் கிட்டே போக வேண்டாம். பல்லையும் பார்க்கட்டும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்புகிறது என்றீர்களே, கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறது என்று நினைக்கிறேன். ராவிவிட்டால் சரியாகும். பூச்சி மருந்துக்கு அவசரமில்லை, கொஞ்சம் தெம்பு வரட்டும். குளம்பை ஒரே நாளில் வெட்டித் தள்ளாமல், இரண்டு மூன்று தடவையாகச் செதுக்க வேண்டும். அப்புறம் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை.

பழைய உடம்பு திரும்ப ஆறேழு மாதம் ஆகலாம். பக்கத்தில் ஒரு ஆட்டையோ கன்றையோ கட்டுங்கள், குதிரைக்குத் தனிமை ஆகாது. அம்மாவின் கொள்ளு இரண்டு மூன்று மாதம் போகட்டும், டாக்டர் சரி என்ற பிறகு ஒரு கைப்பிடியில் ஆரம்பிக்கலாம்.

புகார் விஷயம். 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி தீனி போடாமல் வைத்திருப்பதும், அநாதையாக விட்டுவிடுவதும் குற்றம்தான். ஆனால் அவர் ரோட்டில் அவிழ்த்து விடாமல் உங்களிடம் கொடுத்திருக்கிறார். ஆட்டோவும் வேனும் வந்த பிறகு ஜட்காவில் யார் ஏறுகிறார்கள்? அவர் வீட்டு அடுப்பும் அப்படித்தான் எரிந்திருக்கும். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். விற்றதற்கு ஒரு வெள்ளைத்தாளிலாவது கையெழுத்து வாங்கிக்கொண்டு, தோப்புக்கு ஒரு நாள் கூட்டி வாருங்கள். எதற்கு மிரளும், எந்தக் காலைத் தொட்டால் உதைக்கும், லாடம் அடித்தது யார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.