வி பிழைத்த பிறகு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். உங்கள் தளத்தில் நாவல்கள் பற்றி வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவன். அல்சூர் தமிழ்ச் சங்கக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது நீங்கள் வீடியோ கேம் பற்றிப் பேசியதைக் கேட்டேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று நண்பர்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். சைபர்பங்க் 2077 கேமை அது வந்த நாளிலிருந்து ஆடி வருகிறோம். எஸ்பி ரோட்டுக்குப் போய் கிராபிக்ஸ் கார்டு வாங்கியதே அதற்காகத்தான். அதன் கதை விரிவாக்கமான ஃபேண்டம் லிபர்ட்டியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து இப்போதுதான் முடித்தோம். நாம் ஆடும் பாத்திரமான வி பிழைக்கும் முடிவைத்தான் தேர்ந்தெடுத்தோம். ரசிகர்கள் கேட்டது அது ஒன்றைத்தான். கொடுத்தார்கள், ஆனால் இப்படியா கொடுப்பது? ஒரு நண்பன் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். இன்னொருவன் இதுதான் இருப்பதிலேயே சிறந்த முடிவு என்கிறான். இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ரசிகர்களைப் பழிவாங்கிவிட்டார்கள், ஒரு பேட்ச் (கேமைத் திருத்தும் இணைப்பு) போட்டு இதை மாற்ற வேண்டும் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இத்தனை வருடம் கூடவே இருந்தவர்களுக்கு ஒரு நல்ல முடிவைக் கேட்க உரிமை கிடையாதா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சாப்பிடாமல் படுத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒரு கதை ஒருவரை அந்த அளவுக்குத் தாக்கியிருக்கிறது என்றால், அது நாவலாக இருந்தாலும் கேமாக இருந்தாலும், உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்தான். (கதையின் முடிவு இந்தப் பதிலில் வெளிப்படையாக வருகிறது. இன்னும் ஆடாதவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்து படியுங்கள்.)

கேம் பக்கமே போகாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போலந்தைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ரோல் பிளேயிங் கேம் இது. நைட் சிட்டி என்ற நகரத்தில் கூலிக்கு ஆபத்தான வேலைகளைச் செய்யும் வி என்பவராக நாம் ஆடுகிறோம். வியின் தலைக்குள் இருக்கும் ஒரு சிப், எப்போதோ செத்துப்போன ராக் பாடகர் ஜானி சில்வர்ஹேண்டின் மனதை அங்கே குடியேற்றிவிடுகிறது. அதுவே வியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றும் வருகிறது. மூலக் கேமில் எந்த முடிவுக்குப் போனாலும் வி முழுசாகப் பிழைப்பதில்லை. 2023 செப்டம்பர் 26 அன்று வந்த ஃபேண்டம் லிபர்ட்டி என்ற கதை விரிவாக்கத்தில்தான் அதற்கு ஒரு வழி திறந்தது.

அந்த வழி எப்படித் திறக்கிறது என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. இணையத்தில் கோபமாக எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை எல்லாமே அங்கேதான் இருக்கிறது. சாங்பேர்ட் என்று அழைக்கப்படும் சோ மி, கதையில் வரும் புதிய அமெரிக்காவின் அதிபர் மையர்ஸின் கையாள். கணினி வலைக்குள் புகுந்து வேலை செய்கிறவள். அதிபர் அவளைத் திரும்பத் திரும்ப ஆபத்தான இடங்களுக்குள் ஏவியதில் அவளும் சாகப் போகிறாள். அதிபரைக் காப்பாற்றினால் உன்னைக் குணமாக்குகிறேன் என்று அவள் விக்கு வாக்குக் கொடுக்கிறாள். ஆனால் அந்தச் சிகிச்சை ஒருவருக்குத்தான் போதும், அதை அவள் தனக்காகத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் நின்று ஆடினால், அந்தச் சிகிச்சைக்காக நிலவுக்குப் போகும் ராக்கெட்டை நெருங்கும் நேரத்தில்தான் இதை வாய் திறந்து சொல்கிறாள். ஆக, வி பிழைக்க வேண்டுமென்றால் இவளைக் கைவிட வேண்டும். யாரிடமிருந்து தப்பி ஓடினாளோ அவர்களிடமே உளவாளி ரீட் வழியாகத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால், கொன்றுவிடு என்று அவளே கெஞ்சும்போது கொன்றுவிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் நீங்கள் மூவரும் அந்த முடிவுக்கு வந்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் கோமாவில் கிடந்துவிட்டு வி கண் விழிக்கிறார். ஜானி இல்லை. சண்டைக்கான செயற்கை உறுப்புகள் எதையும் இனி அந்த உடம்பு ஏற்காது. நெருங்கிய தோழி ஜூடிக்குப் போன் செய்தால் அவள் கல்யாணம் செய்துகொண்டு பிட்ஸ்பர்க் போய்விட்டாள். கூடவே நின்று போராடிய பனாம் போனை எடுப்பதே இல்லை. வியின் மருத்துவரும் நண்பருமான விக்டரின் கிளினிக் ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. தெருவில் சில ரவுடிகள் வியை அடித்துப் போடுகிறார்கள், திருப்பி அடிக்க முடியவில்லை. அத்தனை மணி நேரம் நம் விரலுக்குக் கட்டுப்பட்ட கை கால்கள் அந்த நிமிடத்தில் எதுவும் செய்வதில்லை. இதை நாவலில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்காத அந்த உணர்வைக் கேமால் மட்டும்தான் கொடுக்க முடியும். கடைசியில் இன்னொரு தோழி மிஸ்டியும் ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். வி கூட்டத்தில் ஒருவராகக் கலந்து நடந்து போகிறார்.

இந்த ஊரில் ஆடியவர்களிடம் பேசினால் பெரும்பாலும் அந்தப் போன் அழைப்புகளைப் பற்றித்தான் சொல்கிறார்கள். நீங்கள் கேட்ட அந்த டீக்கடைப் பேச்சிலும் அதுதான் நடந்தது. வேலைக்காக ஊரைவிட்டு வந்து, இரண்டு தீபாவளிக்குப் போகாமல் இருந்துவிட்டுப் பிறகு பழைய நண்பனைக் கூப்பிட்டால், அந்தப் பக்கத்துக் குரலில் இருக்கும் மரியாதை எப்படிச் சுடும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, உரிமை பற்றிக் கேட்டீர்கள். ரசிகர்களின் கோபத்தில் இரண்டு வேறு வேறு கோபங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். முதல் கோபம் 2020 டிசம்பரில் வந்தது. அது நூற்றுக்கு நூறு நியாயமான கோபம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்கள் (டிவியில் இணைத்து ஆடும் இயந்திரங்கள்) இரண்டிலும் கேம் அடிக்கடி நின்றுபோனது, திக்கித் திணறியது. பிஎஸ்4ஐச் செய்யும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஓடவில்லை என்றால் கத்தத்தான் வேண்டும். கத்தினார்கள், நிறுவனமும் வருடக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தது. விரிவாக்கத்துக்குச் சில நாட்கள் முன்னால் வந்த 2.0 பேட்ச் சண்டை முறை, போலீஸ், திறன்கள் என்று பாதிக் கேமைப் புதுசாக்கிவிட்டது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில், தொடர்ந்து பராமரிக்கப்படும் சிறந்த கேமுக்கான விருதும் கிடைத்தது. ஒரு மனக்குறை எனக்கு இன்னும் இருக்கிறது. 2020இல் அதிகமாகக் கஷ்டப்பட்டவர்கள் அந்தப் பழைய கன்சோல் வைத்திருந்தவர்கள்தான். ஃபேண்டம் லிபர்ட்டி அவர்களுக்கு வரவே இல்லை. புதிய கன்சோல்களுக்கும் கணினிக்கும் மட்டும்தான் வந்தது. பழைய இயந்திரம் தாங்காது என்ற காரணம் புரிகிறது. ஆனாலும் கூடவே இருந்தவர்கள் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு முதலில் அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

இரண்டாவது கோபம் கதை வலித்துவிட்டது என்பதால் வந்தது. வருடக்கணக்கில் பேட்ச் வந்து பேட்ச் வந்து ஒவ்வொரு குறையும் சரியாவதைப் பார்த்துப் பழகிய ரசிகருக்கு, சோகமான முடிவும் ஒரு பக் (மென்பொருள் பிழை) போலத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. கார் சுவருக்குள் புகுந்தால் புகார் செய்தோம், சரிசெய்தார்கள். வி தனியாகிவிட்டார், புகார் செய்கிறோம், ஏன் சரிசெய்ய மாட்டேன் என்கிறார்கள்? நீண்ட காலம் பராமரிக்கப்படும் எல்லாக் கேம்களையும் சுற்றி இந்தக் கேள்வி இருக்கிறது. கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன், அப்படிப் பழக்கியதே இந்தத் தொழில்தான். ஆனால் வியின் தனிமை பழுது இல்லை, எஸ். சோ மியைக் கொடுத்து வாங்கிய உயிரின் விலை அது. அதை எடுத்துவிட்டால், ஒரு பெண்ணைப் பலி கொடுத்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதைதான் மிச்சம் இருக்கும். அப்படி ஒரு முடிவு உங்கள் நண்பருக்கு அன்று சாப்பாட்டை இறக்கியிருக்கும். ஒரு வாரத்தில் மறந்தும் போயிருப்பார்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012 மார்ச்சில் வந்த மாஸ் எஃபெக்ட் 3 கேமின் முடிவு ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மட்டும்தான் மாறுகிறது என்றார்கள். மூன்று நிறத்தில், ஆனால் ஒரே சுவையில், நூற்றுக்கணக்கான கப்கேக் செய்து, கேமை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். எதிர்ப்பைக் காட்டும்போதே குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றுக்குப் பணமும் திரட்டினார்கள். அந்த ஜூனில் நிறுவனம் முடிவை விரிவாக்கி இலவசமாகக் கொடுத்தது. அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். அவர்கள் சுட்டிக்காட்டியது உண்மையான குறை. மூன்று பாகங்களாக நாம் எடுத்த முடிவுகளுக்கு மதிப்பு உண்டு என்று சொல்லிவிட்டுக் கடைசியில் அதைக் கைவிட்டார்கள். ஃபேண்டம் லிபர்ட்டி அப்படிக் கைவிடவில்லை. நீங்கள் எடுத்த முடிவைக் கடைசி நொடிவரை துரத்திக்கொண்டு வருகிறது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1954இல் பொன்னியின் செல்வன் தொடர் முடிந்தபோது பலருக்குத் திருப்தி இல்லை. கல்கி முடிவுரை எழுதி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். கதை முடிந்த இடத்தை மாற்றவில்லை. வாசகரை மதிப்பதற்கு அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

ரசிகர்களைப் பழிவாங்கிவிட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இன்னொரு காரணம், இதே நிறுவனம் இதே கதையை முன்பே சொல்லியிருக்கிறது. விட்சர் 3 கேமுக்கு 2015 அக்டோபரில் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் விரிவாக்கத்தை நினைத்துப் பாருங்கள். அதில் வரும் ஓல்கியர்ட் என்பவன் தான் கேட்டதையெல்லாம் கண்ணாடி வியாபாரி போல வந்த ஒருவனிடமிருந்து பெறுகிறான். செல்வம் வந்தது, காதலித்த ஐரிஸ் வந்தாள், சாவு வராது என்ற வரமும் வந்தது. நெஞ்சு கல்லாகிப்போனது. ஐரிஸ் அந்தப் பெரிய வீட்டுக்குள் தனியாக வாடிச் செத்தாள். பத்து மணி நேரக் கதை. கேம் எழுத்தின் உச்சம் என்று ரசிகர்கள் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள், நானும்தான். ஓல்கியர்டுக்கு நடந்தபோது கைதட்டினோம். விக்கு நடந்தபோது தாங்க முடியவில்லை, ஏனென்றால் வி நாம்தான்.

ஆனால் மறு வருடம் மே மாதம் அதே விட்சர் 3க்கு வந்த பிளட் அண்ட் வைன் விரிவாக்கம் நம் எதிர்பார்ப்பை வேறு பக்கம் திருப்பிவிட்டது. வெயிலும் திராட்சைத் தோட்டமுமாக ஒரு நாடு, நாயகன் கெரால்ட்டுக்குச் சொந்தமாக ஒரு வீடு, கடைசியில் நாம் தேர்ந்தெடுத்தவர் தேடி வருகிறார். கதை விரிவாக்கம் என்றாலே இப்படி ஒரு விடைகொடுத்தல்தான் என்று பலர் மனதில் பதிந்துபோனது. எனக்கும் அந்தத் தோட்டம் பிடிக்கும். கெரால்ட் அதற்குத் தகுதியானவர், வயதும் களைப்பும் அவரிடம் இருந்தன. வியின் கதை அப்படிப்பட்டதல்ல. நைட் சிட்டி யாருக்கும் தோட்டம் கொடுப்பதில்லை என்பதை முதல் மணி நேரத்திலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறது.

அதற்காக அந்த முடிவு குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. போன் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. அறைந்த இடத்திலேயே திரும்ப அறைவது போல இருக்கிறது. ஜூடியின் அழைப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா அந்த அறையில் உட்கார விட்டிருக்கலாம். பனாமின் கோபம் எனக்குப் புரிகிறது, சொல்லாமல் காணாமல் போனவர் வி. ஆனால் அவ்வளவு தூரம் கூட வந்த ஒருத்தியை ஒரு மௌனத்தோடு முடித்தது அவசரம். இந்த மாதிரிக் குறைகளை ரசிகர்கள் எழுத வேண்டும், விரிவாக, பெயர் சொல்லி, காட்சி சொல்லி எழுத வேண்டும். கதையை எழுதியவர்களைக் குடும்பத்தோடு திட்டுவது மட்டும் வேண்டாம். அப்படித் திட்டுகிறவர்களோடு சேர்ந்து நிற்காதீர்கள்.

கேட்பதை இந்த நிறுவனம் காதில் வாங்காமலும் இல்லை. 2023 டிசம்பரில் வந்த 2.1 பேட்ச்சில், வருடக்கணக்காக எல்லோரும் கேட்ட மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. காதலிப்பவரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசலாம் என்று ஆனது. வி பிழைக்கும் அந்த முடிவை மட்டும் அவர்கள் தொடவில்லை. எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்வேன்.

அப்புறம், உங்கள் வீட்டுச் சண்டைக்கு ஒரு யோசனை. பாதி வழியில் சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைல் இருந்தால், சோ மியின் பக்கம் நின்று ஆடுங்கள். அவள் உண்மையைச் சொன்ன பிறகும் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ராக்கெட்டில் ஏற்றுங்கள். வழியில் ரீட் நிற்பார், அவரைச் சுட வேண்டியிருக்கும், அதுவும் லேசில் முடியாது. விக்கு மருந்து கிடைக்காது. சாப்பிடாமல் படுத்த நண்பர் கையில் கண்ட்ரோலரைக் கொடுங்கள், சிறந்த முடிவு என்று சொன்னவர் பக்கத்தில் உட்காரட்டும். ஆடி முடித்துவிட்டு இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு எழுதச் சொல்லுங்கள். இரண்டு கடிதங்களையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.