தகவல் முறைமைக் கோட்பாடுகள்: கேள்வி பதில்

முதுமாணி ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும் கொழும்புப் பிள்ளைகளின் கேள்விகள் இவை.

வெள்ளவத்தை: சேர், வங்கிச் செயலியை வாடிக்கையாளர்கள் பாவிப்பது பற்றி ஆய்வு. டாம் போதுமா, யூடாட் வேணுமா?

டாம், ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. இதனால் பயன் உண்டா, பாவிக்க இலகுவா என்ற இரண்டு எண்ணங்களில் நிற்கிறது. யூடாட், வெங்கடேஷும் இன்னும் மூவரும் 2003இல் எட்டு மாதிரிகளை உருக்கி வார்த்தது. அது அலுவலக ஊழியர்களை வைத்து எழுந்தது. உங்கள் ஆட்களோ சொந்தக் காசில் டேட்டா போடுபவர்கள். அவர்களுக்காகவே 2012இல் விலை, பழக்கம், பாவிப்பதில் வரும் சந்தோஷம் மூன்றையும் சேர்த்து யூடாட் 2 வந்தது.

ஆனால் முதலில் கேள்வி, பிறகுதான் கோட்பாடு. ஏன் தொடங்குகிறார்கள் என்பதா உங்கள் கேள்வி, ஏன் இடையில் விடுகிறார்கள் என்பதா? இரண்டாவது என்றால், தொடர்ந்து பாவிப்பது ஏன் என்று ஆராய்ந்த பட்டாச்சார்ஜியின் 2001 கட்டுரையிலிருந்து தொடங்குங்கள்.

தெஹிவளை: 384 பேரிடம் வினாக்கொத்து கொடுத்தால் சரிதானே?

அந்த எண், எத்தனை பேரிடம் கேட்கவேண்டும் என்று சொல்லும் கிரெஜ்சி, மோர்கன் இருவரின் 1970 அட்டவணையில் வருவது. குலுக்கல்போல எழுமாற்றாக ஆட்களைத் தெரிவுசெய்யும் ஆய்வுக்கானது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய கூகுள் படிவத்துக்கு அந்த எண் காவல் தராது.

கொட்டாஞ்சேனை: 2022இல் வந்த எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் முறையை டாம் வைத்து ஆராயலாமா?

அது தொடங்கியபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், கியூஆர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அப்படி ஓட்டிய மனிதரிடம் போய் ‘இதைப் பாவிக்கும் எண்ணம் உண்டா, ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள்’ என்றால் ஏச்சுத்தான் விழும்.

வங்கி ஐடி ஊழியர்: மன்னிக்கணும் சேர், யூடாட்டில் கட்டாயப் பாவனையும் கணக்கில் உண்டே?

உண்டு தம்பி, நான் அவசரப்பட்டுவிட்டேன். கட்டாயம் உள்ள இடத்தில்தான் சுற்றியிருப்போரின் செல்வாக்கு வேலை செய்கிறது என்றே அவர்கள் காட்டினார்கள். ஆனாலும் எல்லாரும் ‘ஓம், பாவிப்பேன்’ என்றால் ‘பாவிக்கும் எண்ணம்’ என்ற அந்த மாறியில் ஆளுக்கு ஆள் வேறுபாடே இராது. வேறுபாடு இல்லாத இடத்தில் எதை விளக்குவது? திருப்தியை அளவிடுங்கள். தகவல் முறைமையின் வெற்றியை அளவிடும் டிலோன், மக்லீன் மாதிரி (1992, திருத்தம் 2003) அதற்குக் கைகொடுக்கும்.

கொட்டாஞ்சேனை: எங்கட அப்பா போனைத் தொடவே இல்லை சேர். கியூஆரை அச்சடித்து, லமினேட் பண்ணி, ஓட்டோவில் தொங்கவிட்டார். அப்படியென்றால் அவர் பாவனையாளரா இல்லையா?

அடடா! இதை வைத்துக்கொண்டா டாமைத் தேடினீர்கள்? வடிவமைத்தவர் ஒன்றை நினைக்க, பாவிப்பவர் கையில் அது வேறொன்றாகிறது. ஒர்லிகோவ்ஸ்கி 2000இல் எழுதியது இதைத்தான்: ஒரே லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு விதமாகப் பாவித்தன. அவருக்கு அடித்தளம் சமூகவியலாளர் கிடென்ஸின் கட்டமைப்பாக்கக் கோட்பாடு: மனிதர் செயலும் சமூகக் கட்டமைப்பும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பது. வினாக்கொத்தை மூடிவையுங்கள், பெற்றோல் செட்டில் போய் நின்று பாருங்கள், ஆட்களோடு கதையுங்கள்.

வங்கி ஐடி ஊழியர்: நேர்காணல் என்றால் எங்கள் மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அது கோட்பாட்டுச் சிக்கல் இல்லை.

மட்டக்குளி: சேர், இணையவழிக் கல்விக்கு டாமா, யூடாட்டா?

என் முதல் பதில்தான் இதற்கும்.

பம்பலப்பிட்டி: உணவு டெலிவரி செயலிக்கு டாமா…

கேள்வி எங்கே பிள்ளை? முதலில் கேள்வி!

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி, அப்பா அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறாரா? எறிய விடவேண்டாம்.