நாய்க்கு முன்னால் கென்னலைப் பாருங்கள்

தம்பிக்கு,

தேவகோட்டையிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, வாடகை வீடு, ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், இரண்டும் சேர்ந்து சின்னதாய் ஒரு நாய் கேட்டு அரிக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எந்த நாய் நல்லது, எங்கே வாங்குவது, சித்தப்பா வீட்டுச் சிப்பிப்பாறைக் குட்டியை இங்கே கொண்டுவர முடியுமா, ஊருக்குப் போகும்போது எந்தக் கென்னலில் விடுவது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஆத்தா ஆறு மாதம் வந்து இருக்கப் போகிறார்கள், அவர்களுக்கு நாய் என்றாலே ஆகாது என்பதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அதுதான் பெரிய விஷயம், அதற்கும் வருகிறேன்.

முதலில் கென்னல், அதாவது நாம் ஊரில் இல்லாதபோது காசு வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைக்கும் இடம். நம் ஆட்களில் பெரும்பாலோர் நாயை வாங்கிவிட்டு, டிக்கெட்டையும் போட்டுவிட்டு, ஜூன் மாதம் உட்கார்ந்து கென்னல் தேடுகிறார்கள். வெள்ளைக்காரக் குடும்பம் பத்து நாள் ஸ்பெயின் போய் வந்துவிடும். நாம் போனால் நாலு வாரம், ஐந்து வாரம். பள்ளிக்கூட நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அபராதம் என்பதால் தைப் பொங்கலுக்குப் போக முடியாது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் நமக்கு இனி வீடியோவில்தான். ஜூலைக் கடைசியில் பள்ளி விட்டால் ஊரில் ஆடி, கல்யாணம் காட்சி கிடையாது. ஆவணி முகூர்த்தம் முடித்து, செப்டம்பர் பள்ளி திறப்பதற்குள் திரும்ப வேண்டும். அந்த ஆகஸ்டில்தான் இந்த நாடே ஊர் கிளம்புகிறது. நல்ல கென்னல்கள் ஆகஸ்டுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே நிரம்பிவிடும்.

ஊரில் இந்தக் கவலை இருந்ததில்லை. வீட்டுக்கு ஒரு காவல் ஆள் இருப்பார், எதிர் வீட்டில் ஒரு கை சோறு வைப்பார்கள், நாய் முகப்புப் படியில் படுத்திருக்கும். இங்கே நீங்கள் கதவைப் பூட்டினால் அதற்கு வேறு நாதி இல்லை. ஆகவே ஒரு மாதம் நிம்மதியாக விட்டுப்போக ஓர் இடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் நாய் வாங்கலாம். கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்கு முயல் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதுவும் அதே பாடுதான்.

எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்தில் காசு வாங்கித் தொழிலாக நாய் தங்கவைக்கும் எவருக்கும் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். 2018 அக்டோபரில் வந்த விதி அது; பெரிய கென்னலானாலும், தன் வீட்டிலேயே இரண்டு மூன்று நாய்களை வைத்துக்கொள்பவரானாலும் ஒன்றே. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுப்பார்கள். நட்சத்திரம் கூடக்கூட லைசென்ஸும் ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை நீளும். லைசென்ஸை வாசலில் மாட்டியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு, உங்களுக்கு அவை தேவையில்லை. நம் தமிழ் வாட்ஸாப் குழுவில், "நான் பாத்துக்கிறேன், நாளைக்குப் பதினைந்து பவுண்டு குடுங்க" என்று யாராவது வருவார்கள். நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும். லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வேலி தாண்டி நாய் ஓடிப்போனால் நீங்கள் தேவகோட்டையில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்?

நட்சத்திரத்தை மட்டும் நம்பியும் விடாதீர்கள். நேரில் போங்கள், பிள்ளைகள் இல்லாமல். வாசலுக்கும் நாய்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு கதவு இருக்கிறதா, ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கிறார்களா என்று கவனியுங்கள். தூங்கும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது, 26-க்கு மேலே ஏறக்கூடாது என்பது விதி. வேறு வேறு வீட்டு நாய்களை ஒரே அறையில் அடைக்கக்கூடாது. வீட்டில் வைத்துப் பார்ப்பவர் என்றால் அடுத்தவர் நாயோடு கலந்துவிட உங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். லேசாக நாய் வாடை அடிப்பது சகஜம். கண் எரிகிற மூத்திர நெடி அடித்தால் அங்கே கழுவுவது சரியில்லை. குரைப்பு இருக்கத்தான் செய்யும். ஆள் உள்ளே வந்ததும் நாய்கள் வாலாட்டி முன்னால் வருகின்றனவா, மூலையில் போய் ஒடுங்குகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டியது: ராத்திரி யார் இருப்பார்கள்? உடம்புக்கு முடியாத நாயைத் தனியாக வைக்க இடம் எது? சின்ன நாய்களுக்குத் தனிப் பகுதி உண்டா? பட்டாசு வெடிக்கும் நாளில் என்ன செய்வீர்கள்? இங்கே தீபாவளி ஒரு பக்கம், நவம்பர் 5 வெள்ளைக்காரர் பட்டாசு ஒரு பக்கம் என்று இரண்டு வாரத்துக்கு வானம் வெடித்துக்கொண்டேயிருக்கும், சின்ன நாய்கள் நடுங்கிப்போகும். இன்னொன்று, நீங்கள் அவர்களைக் கேட்பதைவிட அவர்கள் உங்களைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். என்ன சாப்பிடும், யாரைக் கண்டால் பயம், பிள்ளைகளோடு எப்படி, எந்த வெட் டாக்டர் என்று குடைந்து கேட்கும் கென்னல்காரியை நான் ஐந்து நட்சத்திரத்துக்கு மேலே வைப்பேன். "வந்து விட்டுட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்று சிரிப்பவர் எனக்கு ஆகாது.

கென்னலா, வீட்டில் பார்ப்பவரா? எப்போதும் மடியிலேயே கிடக்கும் சின்ன நாய்க்கு வீடுதான் ஒத்துப்போகும். ஆனால் ஒரு மாதம் என்பது நீண்ட காலம். அந்த ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று ஆள் கிடையாது. கென்னலில் நாலு பேர் வேலை பார்ப்பார்கள். எங்கள் தேர்வு நல்ல கென்னல்தான். முதல் தடவையே ஒரு மாதம் விடக்கூடாது. ஒரு ராத்திரி, பிறகு ஒரு வார இறுதி, அப்புறம்தான் ஊர்ப் பயணம். எங்கள் பக்கம் ஒரு இரவுக்கு 25 பவுண்டுக்குக் குறைந்து நல்ல இடம் கிடைப்பதில்லை. முப்பது நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், வீட்டில் இன்னொரு ஆளுக்கு விமான டிக்கெட் போட்டது போல. வருஷா வருஷம் அந்தக் காசை எடுத்து வைக்க முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

தடுப்பூசி இல்லாமல் எவரும் சேர்க்க மாட்டார்கள். பார்வோ, டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ், லெப்டோ என்ற நான்கு நோய்களுக்குமான ஊசி நடப்பில் இருக்க வேண்டும். இதைத் தவிர, நாய்க்கு நாய் தொற்றும் கென்னல் இருமலுக்கு மூக்கில் விடும் மருந்தையும் பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். அதைக் கடைசி நாளில் போய் விடக்கூடாது, மூன்று வாரமாவது முன்னால் முடித்துவிடுங்கள். கிளம்பும்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: அவசரமென்றால் இன்ன தொகை வரை என்னைக் கேட்காமலே வைத்தியம் பார்க்கலாம், இந்த நாட்டில் என் சார்பில் முடிவெடுக்க இன்னார் இருக்கிறார் என்று. இங்கே மாலை நாலு மணி என்றால் கோடையில் ஊரில் இரவு எட்டரை. கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் யார் போனை எடுப்பது?

இனி நாய். அடுத்த ஆகஸ்டில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அதற்கு முந்தின வசந்தத்தில் குட்டி வாங்காதீர்கள். போய்த் திரும்பி வந்து, செப்டம்பரில் எடுங்கள். அடுத்த பயணத்துக்குள் அது வளர்ந்து நிதானப்பட்டிருக்கும்.

பக், பிரெஞ்ச் புல்டாக் இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டாம். மூக்கு அமுங்கிய முகம். மூச்சு விடவே பாடுபடும், வெயில் தாங்காது, வைத்தியச் செலவு தீராது. குட்டை டாக்ஸ்ஹுண்டுக்கு முதுகெலும்பு வட்டு நகரும், இங்கே வீட்டுக்கு வீடு மாடிப்படி. சிவாவா ஆறு வயதுப் பிள்ளை தூக்கிக் கீழே போட்டால் கால் ஒடியும். கவலியர் தங்கமான குணம், ஆனால் அந்த இனத்துக்கே இதய வால்வு நோய் அதிகம். தாய் தகப்பனுக்கு இதயப் பரிசோதனை செய்த தாளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பூடில் கலந்த நாய்கள் முடி உதிர்க்காது என்று எல்லோரும் ஓடுகிறார்கள். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதற்கு முடிவெட்டக் கொடுக்கும் காசில் நம் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் வெட்டிவிடலாம். பார்டர் டெரியர் திடகாத்திரம், பிள்ளைகளோடு மல்லுக்கட்டும், அணிலைப் பார்த்தால் மட்டும் காது கேட்காது. உங்கள் வீட்டுக்கு என்னைக் கேட்டால் பார்டர் டெரியர், அல்லது ஐந்தாறு வயதான, கலப்பினமானாலும் சாதுவான ஒரு நாயைத் தத்தெடுப்பது.

தத்தெடுக்க 1860-இலிருந்து இருக்கும் பேட்டர்சி, 1891-இல் தொடங்கிய டாக்ஸ் டிரஸ்ட், உங்கள் வட்டாரச் சின்ன அமைப்புகள் எல்லாவற்றிலும் பதிந்து வையுங்கள். வீடு, தோட்டத்து வேலி, வேலை நேரம், பிள்ளைகளின் வயது எல்லாம் கேட்பார்கள். சில நாய்களைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தர மாட்டார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த நாயைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறார்கள். சின்ன நாய் வந்த வேகத்தில் வேறு யாராவது தத்தெடுத்துவிடுவார்கள், பொறுமை வேண்டும்.

விலைக்கு வாங்குவதென்றால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை வளர்த்தவரே நேரடியாக, பிறந்த இடத்தில், தாயோடு வைத்துக் காட்டித்தான் விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் சட்டம் வந்துவிட்டது. எட்டு வாரம் ஆகாமல் தரக்கூடாது, மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும். "தாய் நடக்கப் போயிருக்கு", "மோட்டார்வே கார் பார்க்குக்கு வாங்க, கொண்டு வர்றேன்" என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். முன்பணம் அனுப்பவே கூடாது.

சிப்பிப்பாறைக் குட்டி விஷயம்: முடியும், ஆனால் விடுங்கள். சிப் போட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, அது தேறினால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து, சரக்கு விமானக் கணக்கில் ஏற்ற வேண்டும். அத்தனைக்கும் பிறகு, கம்மாய்க்கரையில் முயல் விரட்டப் பிறந்தது ரெடிங் வரிசை வீட்டில் என்ன செய்யும்? அந்த உடல்வாகு மேல் ஆசையென்றால் இங்கே பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் தத்துக்குக் கிடைக்கும், சின்ன நாய் இல்லைதான், நாளெல்லாம் தூங்கும். இதே காரணத்தால் இங்கே வாங்கும் நாயையும் விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப்போக நினைக்காதீர்கள். ஆகஸ்ட் வெயிலும், தெருநாய்களும், திரும்பி வரும்போது அதே ரத்தப் பரிசோதனைத் தாளும்.

ஆத்தாவிடம் வருவோம். நம் வீடுகளில் நாய்க்கு இடம் முகப்புக்கு வெளியே. வளவுக்குள் வந்தால் விளக்குமாறு பறக்கும். இங்கே வெளியே விடுவதற்கில்லை, குளிர் கொன்றுவிடும். அடுப்படி வாசலிலும் சாமி அலமாரி இருக்கும் அறையிலும் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவைப் போடுங்கள், அதைத் தாண்டி நாய் வராது என்பதை ஆத்தா கண்ணால் பார்த்தால் பாதி சமாதானம். மீதிக்கு, வைரவன்பட்டி வைரவருக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று பேரப்பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நாய் வந்த பிறகு ஆத்தா வருவதைவிட, ஆத்தா இருக்கும்போதே அவர்களையும் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆனால் மனம் மாறிய அப்பத்தாதான் நாய்க்கு ஆபத்து. தட்டிலிருந்து எடுத்து ஊட்டுவார்கள். நம் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாத கறி எது? வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் அரைத்தாலும் விஷம் போகாது. உப்புக் கறித் துண்டு ஒன்றுகூட வேண்டாம். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு குத்தும். சர்க்கரை நோய்க்காக ஆத்தா வாங்கி வைக்கும் சர்க்கரையில்லா மிட்டாயில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு உயிர் ஆபத்து. வெறும் சோறும் வேகவைத்த கோழியும் கொடுக்கலாம் என்று ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து ஆத்தா கையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காதே என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2025-ல் நிறைவேறிய வாடகைச் சட்டப்படி நியாயமான காரணமில்லாமல் அவர் மறுக்கக்கூடாது. ஆனால் அது அடுக்குமாடி ஃபிளாட் என்றால், வீட்டுக்காரருக்கே கட்டட உரிமையாளர் எழுதிக்கொடுத்த குத்தகைப் பத்திரத்தில் நாய் கூடாது என்றிருந்தால் அது நியாயமான காரணம்தான். வாய்ப்பேச்சில் "சரி" வாங்கிக்கொண்டு நாயைக் கொண்டுவராதீர்கள். அந்தப் பதில் கைக்கு வந்ததும் எழுதுங்கள், ரெடிங் பக்கத்தில் எந்தெந்தக் கென்னலுக்கு நான் போய்ப் பார்த்திருக்கிறேன் என்று தனியாகச் சொல்கிறேன்.