கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடப் போறேன், தினமும் குடிக்கிற ஆளு, அன்னிக்கே நிறுத்திரலாமா, எப்படித் தயாராகணும்?

தம்பி, நீங்க எந்த ஊருன்னு போடல, ஆனா மாலை போடுற அன்னிக்குக் காலையில இருந்து ஒரேயடியா நிறுத்திரலாம்னு நெனைக்கிறீங்கன்னு கேள்வியிலயே தெரியுது. படிச்சதும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு, அதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, செங்கோட்டைப் பக்கம் பார்டர்ல மரம் அறுக்கிற மில்லுல வேலை பாக்குறவன்.

என்னிக்காவது கல்யாணம் காதுகுத்துன்னா மட்டும் குடிக்கிறவருன்னா இந்தப் பதிலை விட்ருங்க. தினமும் குவார்ட்டர், ஆஃப்னு வருஷக்கணக்கா போறவங்களுக்குத்தான் சொல்றேன். குவார்ட்டர்ங்கிறது 180 மில்லி, அதுல சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம் கிட்ட வருது. அதுக்குப் பழகின மூளை திடீர்னு அது இல்லைன்னா தாறுமாறா ஆயிரும்.

எங்க மில்லுல தடி ஏத்துற அண்ணாச்சி ஒருத்தர் இப்படித்தான் முந்தின ராத்திரி வரைக்கும் குடிச்சிட்டு ஒண்ணாந்தேதி மாலை போட்டாரு. மறுநாள் காலையில டீ கிளாஸைப் பிடிக்க முடியல, ரெண்டு கையாலயும் பிடிச்சாலும் டீ அலம்பி வேட்டியெல்லாம் ஊத்துது, அந்தக் குளிர்ல நெத்தியில முத்து முத்தா வேர்வை. பச்சத்தண்ணியில குளிச்சதுன்னு எல்லாரும் சொன்னோம். மத்தியானம் தடிக்குப் பக்கத்துலயே வலிப்பு வந்து விழுந்துட்டாரு, ஆளாளுக்கு சாவிக்கொத்தைத் தேடி ஓடுறாங்க. ஆஸ்பத்திரியில சேத்த பெறகும் சுவத்துல பூச்சி ஊருதுன்னு கையால தட்டித் தட்டி விட்டுக்கிட்டே கெடந்தாரு. உசுரு பொழைச்சது பெரிய விஷயம். ஊர்ல என்ன பேசுனாங்க தெரியுமா, சாமி குத்தமாம்! எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதை நெனைச்சா ஆத்திரமா வருது. கை நடுக்கம் கடைசியா குடிச்சு ஆறு மணி நேரத்துலயே ஆரம்பிக்கலாம், வலிப்பு பெரும்பாலும் முதல் ரெண்டு நாளைக்குள்ள வரும், அந்தப் பூச்சி தெரியுற கலக்கம் ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள வரும், அதுல உசுரே போகலாம். இதுல சாமி எங்க வந்தாரு?

2020 ஊரடங்குல மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது ஞாபகம் இருக்கா? கடையை அடைச்சதும் கேரளாவுல எத்தனையோ பேரு இப்படித் தவிச்சாங்க, உசுரை விட்டவங்களும் உண்டு. டாக்டர் சீட்டு இருந்தா சரக்கு குடுக்கலாம்னு அரசாங்கமே உத்தரவு போட்டுச்சு, டாக்டருங்க எதிர்த்தாங்க, ஹைகோர்ட் அதை நிறுத்தி வெச்சது. சரக்கைத் திருப்பிக் குடுக்கிறது இதுக்கு வைத்தியம் இல்லன்னுதான் டாக்டருங்க சொன்னாங்க, வேற மருந்து இருக்கு.

அதனால நான் மாலை போடணும்னு முடிவு பண்ணுன வருஷம் ஐப்பசி பொறந்ததுமே வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு ஜிஎச்சுக்குப் போயிட்டேன். எவ்வளவு குடிக்கிற, கடைசியா எப்போ குடிச்ச, முன்னாடி வலிப்பு வந்திருக்கா, காலையில எழும்புனதும் தேடுதான்னு டாக்டர் ஒண்ணொண்ணா கேட்டாரு. சரியா சாப்பிடாம குடிச்சா பி1 சத்து போயிரும்னு அதுக்கு ஊசி போட்டாங்க. நடுக்கத்துக்கு மாத்திரை, நாளுக்கு நாள் கொறைச்சு ஒரு வாரம் கிட்ட. அந்த மாத்திரையில தூக்கக் கலக்கம் இருக்கும், ரம்பத்துக்கிட்ட நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு, மொதலாளிகிட்ட பேசி அது முடியுற வரைக்கும் பலகை எண்ணி எழுதுற சோலி வாங்கிக்கிட்டேன். தயவுசெஞ்சு அடுத்தவன் மாத்திரையை வாங்கிப் போடாதீங்க, மெடிக்கல்ல நீங்களா கேட்டும் வாங்காதீங்க. கார்த்திகை பொறக்கும்போது எனக்குக் கஷ்டமான நாளெல்லாம் தாண்டிருச்சு, தெளிஞ்ச கையோட மாலையை வாங்கிப் போட்டேன்.

விரதத்துல மருந்தா, இது பக்தியான்னு சில பேரு கேப்பாங்க. சக்கரை வியாதிக்காரர் மாத்திரை போட்டுக்கிட்டு மலை ஏறலையா, அவரை யாராவது கேக்குறாங்களா?

மத்தபடி வீட்ல சொல்லிருங்க, கூட்டாளிககிட்டயும் சொல்லிருங்க. சனிக்கிழமை சம்பளம் நேரா வீட்டம்மா கைக்குப் போகட்டும். பார்டர்ல இருக்கிற எங்களுக்குக் கடை இல்லாத நாளு ரொம்பக் கம்மி, கேரளாவுல இங்கிலீஷ் மாசம் ஒண்ணாந்தேதி லீவுன்னா பெரும்பாலும் இங்க திறந்திருக்கும், இங்க லீவுன்னா அங்க. அதனால நான் கடைப்பக்கம் போகாம குளத்தங்கரை வழியா சுத்தித்தான் வீட்டுக்கு வருவேன். மாலை போட்ட பெறகு எல்லாரும் சாமின்னுதான் கூப்பிடுவாங்க, ஒருத்தனும் கிளாஸை நீட்ட மாட்டான், அது எவ்வளவு பெரிய துணைன்னு அனுபவிச்சாத்தான் தெரியும்.

  

மாலையைக் கழட்டுன அன்னிக்கே கடைக்குப் போறவன்தானே, இது என்ன விரதம்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஈரல்ல வெறும் கொழுப்பு மட்டும் படிஞ்சிருந்தா சில வாரம் குடிக்காம இருந்தாலே கொறைய ஆரம்பிச்சிரும், மண்டலம் முழுக்க இருந்தா எவ்வளவு நல்லது. அந்த நாள்ல வீட்ல சண்டை இல்லாம புள்ளைக சோறு தின்னுச்சே, அது சும்மாவா? ஆனா தம்பி, இத்தனை நாள் விட்டுட்டு பழைய அளவை ஒரே மூச்சுல குடிச்சா உடம்பு தாங்காது, அதையும் இப்பவே மனசுல வெச்சுக்கோங்க.

இன்னும் நாள் இருக்கு, நாளைக்கே ஓபி சீட்டு போடுங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு அடிங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.