அல்ஸ்டருக்கு எந்தக் கொடி: மஞ்சளா, வெள்ளையா?

அயர்லாந்து ரக்பி ஆட்டம் பார்க்கும் அன்று மாட்ட நான்கு மாகாணக் கொடிகளைத் தேடியதாகவும், அல்ஸ்டருக்கு மட்டும் மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என இரண்டு வருவதாகவும் கேட்டிருந்தீர்கள். மஞ்சளையே வாங்குங்கள்.

வெள்ளைக் கொடியின் நடுவில் ஆறுமுனை நட்சத்திரம், அதன் மேல் கிரீடம் இருக்கும், பாருங்கள். அது மாகாணக் கொடியே இல்லை. 1953 முதல் 1972 வரை வட அயர்லாந்து அரசு பயன்படுத்தியது. இன்றும் அதை ஏற்றுபவர்கள் பெரும்பாலும் பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள்தான். அல்ஸ்டரில் மொத்தம் 9 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை), அவற்றில் வட அயர்லாந்தில் இருப்பவை 6. டோனிகல், கேவன், மொனஹன் மூன்றும் தனி நாடான அயர்லாந்துக் குடியரசில் இருக்கின்றன. அந்தப் பக்கத்து ஆள் யாராவது வந்தால் முகம் சுளிக்க வாய்ப்புண்டு.

மஞ்சள் கொடியின் சிவப்புச் சிலுவை, படையெடுத்து வந்த நார்மன் வழியினரான டி பர்க் குடும்பத்துடையது. நடுவில் வெள்ளைக் கேடயத்தில் உள்ள சிவப்புக் கையோ உள்ளூர் அரச குலமான ஓ'நீல்களின் சின்னம். வந்தவரும் இருந்தவரும் ஒரே துணியில்! அது வலது கை. கட்டைவிரல் நம் பார்வைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். மலிவு அச்சில் இதைச் சரிபார்த்து வாங்குங்கள்.

மற்றவற்றில் குழப்பமில்லை. லென்ஸ்டருக்குப் பச்சையில் பொன் யாழ், மன்ஸ்டருக்கு நீலத்தில் மூன்று பொற்கிரீடங்கள். கொனாக்ட் கொடியில் பாதி வெள்ளையில் கருங்கழுகு, பாதி நீலத்தில் வாளேந்திய கை. கழுகுப் பாதி கம்பத்தை ஒட்டி வரும்படி மாட்டுங்கள்.