பேட்டரியைக் கழற்றினாலும் பெட்ரோல் பீய்ச்சும்

கேள்வி: என் காரில் இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை நானே கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறேன். பேட்டரி வயரைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டுவிட்டால் பெட்ரோல் லைனில் பிரஷர் இறங்கிவிடுமா?

பதில்: இறங்கியிருக்கும் என்று நம்பிக் கை வைக்காதீர்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்ப வேண்டுமே, அதற்காகவே பம்பில் ஒரு செக் வால்வு (பெட்ரோலைத் திரும்பிப் போகவிடாத ஒருவழி வால்வு) வைத்திருக்கிறார்கள். இன்ஜின் நின்ற பிறகும் அது பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும். சாதாரண இன்ஜெக்‌ஷன் காரில் 3 முதல் 4 பார், அதாவது கார் டயரில் இருப்பதைவிட அதிகம்.

அதோடு, பிரஷரை இறக்கித் தருவதே இன்ஜின்தான். பேட்டரியை முதலிலேயே கழற்றிவிட்டால் அதை எப்படி ஓட்டுவது?

ஆறிய இன்ஜினில், திறந்த வெளியில் ஆரம்பியுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து டேங்க் காற்றை விட்டு மூடுங்கள். ஃபியூயல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். லைனில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டு இன்ஜின் உதறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வேறு ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறீர்கள். நின்றதும் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை எடுத்து, இப்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சில கார்களில் கதவைத் திறந்தாலே பம்ப் ஓடும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

பிரஷர் போனாலும் குழாயில் பெட்ரோல் இருக்கும். இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்து மெதுவாகத் தளர்த்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் குனியவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ ஒரு பொறியைத் தேடிப் பிடிக்கும். சூடேறும் பல்பு விளக்கு பக்கத்தில் வேண்டாம், பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரா, காமன் ரெயில் டீசலா? அப்படியானால் இந்த முறையை நம்பி ஹை பிரஷர் குழாயைத் தொடாதீர்கள். முன்னதில் 200 பார் சாதாரணம், டீசலில் 1,600 பாருக்கும் மேலே போகும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்தால் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வேலை முடிந்ததும் ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பெரும்பாலும் மடங்கிப்போன ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்)தான் காரணம். அவசரப்பட்டு அப்படியே கழற்றிவிடாதீர்கள், லைனில் மறுபடி பிரஷர் ஏறியிருக்கிறது.